பிட்டா வந்தபோது அவர் ஊரில் இல்லை

1

நாங்கள் ஐதராபாத்துக்குக் குடிவந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதை வெளியூர்ப் பிழைப்பு என்று ஊரில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. "துபாயா, சிங்கப்பூரா? பக்கத்து ஸ்டேட்தான" என்பார் என் கொழுந்தனார். பக்கத்து ஸ்டேட்கூட இல்லை, நடுவில் இன்னொன்று கிடக்கிறது என்று வரைபடத்தைக் காட்டினாலும் கேட்கமாட்டார். துபாய்க்காரர் காலையில் கிளம்பினால் சாயங்காலம் அம்பாசமுத்திரத்தில் தேங்காய்ச் சட்னி சாப்பிடுகிறார். நாங்கள் ஒரு இரவும் ஒரு பகலும் பயணம் செய்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினால், "அதுக்குள்ள லீவா?" என்று கேட்பார்கள்.

இங்கே எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் "இண்ட்டி பேரு" கேட்பார்கள். வீட்டுப் பெயர். தெலுங்கர்களுக்கு அது பெயருக்கு முன்னால் வரும், பரம்பரையாக வரும். எங்களுக்கு இருப்பது ஒரு இனிஷியல். அந்த ஒற்றை எழுத்தை விரித்து, என் மாமனார் பெயரை எழுதி, அதையே எங்கள் குடும்பப் பெயராக ஆக்கிவிட்டார்கள். சு. முத்து என்ற என் கணவர் பெயர் கேஸ் இணைப்பில் சுடலைமுத்து. ரேஷன் அட்டையில் முத்து சுடலா. என்னை மின்சார வாரியத்திலிருந்து "சுடலம்மா காரு" என்று கூப்பிடுகிறார்கள். என் பெயர் செல்வி என்பதை நிரூபிக்க எனக்கு இரண்டு சான்றிதழ் வேண்டும்.

நேற்று என் கைப்பேசி, போன வருடம் இதே நாளில் எடுத்த ஒரு படத்தைத் தானாகவே எடுத்து நீட்டியது. துணி துவைக்கும் இயந்திரம், அதன் பின்னால் ஒரு குருவி. அந்தக் குருவியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் என் கணவரின் வியாதியைச் சொல்லியாக வேண்டும்.

2

அவருக்குச் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. பறவை பார்க்கிறார்.

இங்கே குகட்பள்ளிக்கு வந்த புதிதில் பேச ஆள் இல்லாமல் இருந்தார். தெலுங்கு வராது, இந்தியில் ஆண்பால் பெண்பால் குழம்பும். பறவை பார்க்கிறவர்கள் கூட்டத்தில் சேர்ந்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை, பேசினால்தான் முறைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சேர்ந்துவிட்டார். எங்கள் கல்யாண நாளைக்கூட பட்டான்செருப் பக்கம் ஒரு ஏரிக்கரையில், முகத்தில் கொசுவுக்குத் தடவிக்கொள்ளும் களிம்போடு கொண்டாடியிருக்கிறோம். பூநாரைகள் வந்திருந்தன. எனக்கு இட்லி ஆறிப்போனதுதான் நினைவில் இருக்கிறது.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. புது வருடம் பிறந்ததும் ஒவ்வொருவரும் தான் வாழ்நாளில் பார்த்தே ஆக வேண்டும் என்று ஏங்கும் பத்துப் பறவைகளின் பட்டியலைக் குழுவில் போட வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் தேடுகிறவர்கள்கூட இத்தனை நிபந்தனை போடமாட்டார்கள். ஒரு சாப்ட்வேர் பையன் பட்டியலில் இருப்பதெல்லாம் அருணாசலப் பிரதேசத்தில் வசிப்பவை. அங்கே போவதற்காகவே கம்பெனி மாறினான். ஒரு பல் டாக்டருக்கு ஆந்தை மட்டும்தான் வேண்டும். குழுவின் தலைவர் திருமுல்கேரியில் இருக்கும் ஓய்வுபெற்ற மேஜர். அவர் பட்டியல் பதவி வரிசைப்படி இருக்கும்: கழுகு, ராஜாளி, வல்லூறு, கடைசியில் ஒரு தையல் சிட்டு. எது கணக்கில் சேரும், எது சேராது என்று தீர்ப்புச் சொல்வதும் அவர்தான். கூண்டில் பார்த்தது சேராது. கையில் பிடித்தது சேராது. செத்துக் கிடந்தது சேராது. இதிலெல்லாம் மேல்முறையீடு கிடையாது.

என் கணவர் பட்டியலில் இருந்த மற்றவை ஒவ்வொன்றாகக் கழிந்து புதியவை வந்தன. முதல் இடம் மட்டும் மாறவே இல்லை. பிட்டா. நம் பக்கம் ஆறுமணிக் குருவி என்பார்கள். விடியும்போதும் அடையும்போதும் ஆறு மணி வாக்கில் சீட்டியடிக்கும். மைனாவைவிடச் சின்னது, வால் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குக் கட்டை வால், உடம்பில் ஒன்பது நிறம்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்தக் குருவி ஐப்பசியில் கிளம்பி நம் ஊர்ப்பக்கம் வந்து, அவருடைய பூர்வீக வீட்டுக் கொல்லையில் சருகைக் கிளறித் தின்றுகொண்டு சித்திரைவரை இருக்கும். வெயில் ஏறியதும் வடக்கே போய்விடும். நாங்கள் பிள்ளையின் பள்ளி விடுமுறைக்காக மே மாதம் ஊருக்குப் போவோம். அதே மே மாதம் அது ஐதராபாத் வழியாக வடக்கே போகும். எங்கேயோ கர்னூல் பக்கம் எங்கள் பஸ்ஸுக்கு மேலே எதிர்த்திசையில் அது பறந்திருக்க வேண்டும். பொங்கலுக்குப் போயிருந்தால் பார்த்திருக்கலாம். பொங்கல் சமயத்தில் இவருக்கு ஏரியில் வாத்து எண்ணும் வேலை.

ஒரே ஒரு தடவை மார்கழியில் போனோம், அவருடைய பெரியப்பா இறந்ததற்கு. தேர்ப் பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது கொல்லையில் சீட்டிச் சத்தம் கேட்டது. இவரைக் காணவில்லை. வாழைக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்திருந்திருக்கிறார். பார்க்கக் கிடைக்கவில்லை. கொசு கடித்துக் கண் வீங்கித் திரும்பி வந்தவரைப் பார்த்து, "பெரியப்பா மேல எம்புட்டுப் பாசம் பாரு, யாருக்கும் தெரியாமப் போயி அழுதுட்டு வாரான்" என்று என் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெயர் இன்றும் அவருக்கு ஊரில் இருக்கிறது.

3

எங்களுக்கு ஒரே மகள், நித்யா. இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் ஆங்கிலம், சிநேகிதிகளோடு "நக்கோ", "கைக்கு" என்று ஐதராபாத் இந்தி. தமிழ் எல்லாம் புரியும். பேசுவதில்தான் சிக்கனம்.

இன்ஜினியரிங் இரண்டு வருடம் படித்துவிட்டு, ஒரு நாள் கல்லூரியிலிருந்து வந்து, சமையல் கலை படிக்கப் போகிறேன் என்றாள். போய்ச் சேர்ந்தும்விட்டாள். "சோறு பொங்கவா பிள்ளயப் படிக்க வச்சேன்" என்றார் இவர். "ஆமா" என்று அவள் தமிழில் சொன்னாள். அதுதான் அவர்கள் இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டது.

அதன் பிறகு எட்டு மாதம் நான்தான் நடுவில் நின்றேன். ஒரே சாப்பாட்டு மேசை. "அவ எப்ப வருவான்னு கேளு." நான் கேட்பேன். "ஏடு கண்டலக்கு." "ஏழு மணிக்காம்." "ஃபீஸ் கெட்டியாச்சுன்னு சொல்லு." நான் சொல்வேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவாள். "தலையாட்டுதா" என்று அவருக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் அந்தப் பக்கம் பார்க்கமாட்டார். பட்டான்செருவில் நான் வேலை பார்க்கும் மருந்து ஆலையில்கூட இரண்டு துறைகளுக்கு நடுவே இத்தனை தபால் போக்குவரத்து கிடையாது.

போன வருடம் மே மாதம் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். இவர் தாய்மாமன், போயே ஆக வேண்டும். ஆலையில் ஆய்வு நடக்க இருந்ததால் எனக்கு லீவு இல்லை. நித்யாவுக்குப் பரீட்சை. அவர் மட்டும் போனார்.

4

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி காற்றும் மழையுமாக அடித்து ஓய்ந்திருந்தது. காலையில் துணி போடப் பின்பக்கம் போனேன். இயந்திரத்துக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. எலி என்று விளக்குமாற்றை எடுத்தேன். எலிக்குப் பச்சை முதுகு இருக்காது.

"ஏட்டி நித்யா, இங்க வா" என்றேன்.

வந்தாள், குனிந்தாள், அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதில் அவள் அப்பாவோடு எல்லா ஏரிக்கும் போனவள்தான். பதினான்கு வயதில் நிறுத்திக்கொண்டாள்.

"மம்மி, இது டாடியோட பிட்டா" என்றாள்.

என் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தாள். பிறகு அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். குருவி கண்ணை மூடி மூடித் திறந்தது. ஒரு சிறகு கொஞ்சம் தொங்கினாற்போல இருந்தது. புயலில் திசை கெட்டு, சுவரில் மோதியிருக்க வேண்டும். நித்யா தன் ஷூ வந்த அட்டைப்பெட்டியில் துளை போட்டு, துண்டு விரித்து, ஒரு மெல்லிய துணியால் அதை மூடி எடுத்து உள்ளே வைத்தாள். முட்டை உடைக்கப் பழகிய கை.

நான் வனத்துறை உதவி எண்ணுக்கு அடித்தேன். ஞாயிறு காலையில் யார் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தால் உடனே எடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த தெலுங்கை வரிசையில் நிறுத்தினேன்.

"ஒக பிட்டா மா இண்ட்லோ படிந்தி." ஒரு பிட்டா எங்கள் வீட்டில் விழுந்திருக்கிறது.

"ஏ பிட்ட, அம்மா?" என்றது ஒரு பொறுமையான ஆண் குரல். எந்தப் பிட்ட?

"பிட்டா."

"அதே அம்மா. ஏ பிட்ட?"

"பிட்டா அண்டி. இண்டியன் பிட்டா."

"அன்னீ இண்டியன் பிட்டலே கதம்மா" என்றார் அவர். எல்லாமே இந்தியப் பிட்டதானே அம்மா.

தெலுங்கில் பிட்ட என்றால் குருவி. இருபது வருடமாகத் தெரிந்த வார்த்தைதான், அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. ஒரு குருவி விழுந்திருக்கிறது, எந்தக் குருவி, குருவி, சரி எந்தக் குருவி என்று நாங்கள் சுற்றிக்கொண்டே இருந்தோம். நித்யா போனைப் பிடுங்கி, "பொன்னங்கி பிட்ட சார்" என்று அதன் தெலுங்குப் பெயரைச் சொன்னாள். அவர் உடனே புரிந்துகொண்டு, இருட்டான பெட்டியில் சத்தமில்லாமல் வையுங்கள், சோறு தண்ணீர் எதுவும் திணிக்காதீர்கள், சாயங்காலம் தெம்பாக இருந்தால் மரங்கள் அடர்ந்த இடத்தில் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் கூப்பிடுங்கள், ஆள் அனுப்புகிறோம் என்றார். புகாரைப் பதிய வேண்டும், இண்ட்டி பேரு என்ன என்றும் கேட்டார். நித்யா சற்று யோசித்து, "சுடலைமுத்து" என்றாள்.

5

படத்தை அவருக்கு அனுப்பினேன். அனுப்பிய கையோடு போன் அடித்தது.

"எங்க எடுத்த படம் இது?"

"நம்ம வாஷிங் மெஷினுக்குப் பொறத்த."

பின்னால் பந்தல்காரர்கள் கம்பு இறக்கும் சத்தம் கேட்டது.

"அதப் பெட்டியிலயே வையி" என்றார். "நான் இப்பமே கெளம்புதேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்."

"நாளைக்குக் கல்யாணம். நீங்க தாய்மாமன்."

"தம்பி நிக்கான்லா. அவன் மாலய எடுத்துக் குடுக்கட்டும்."

"உங்க தங்கச்சி என்னயக் கொல்லுவா."

"நீ ஏன்டி பயப்படுத. நான் பாத்துக்கிடுதேன். பெட்டியத் தொறக்காத. நாளைக்கு மத்தியானம்தான், ஒரு நாள்ல ஒண்ணும் ஆவாது."

அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கெஞ்சுகிற குரல். ஒரு குருவிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட நினைத்துவிட்டேன். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நித்யா போனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"டாடி" என்றாள்.

அந்தப் பக்கம் கம்பு இறக்கும் சத்தம் குறைந்தது, அவர் ஓரமாக நகர்ந்திருக்க வேண்டும்.

"டாடி, ரேப்பு மத்தியானம் வரைக்கும் வச்சா சச்சிபோத்துந்தி. செத்துடும். ராத்திரி பூரா பறந்து வந்திருக்கு, ஏமி தினலேது, எதுவும் சாப்பிடல. நீங்கதான சொன்னீங்க, ஒரு நாளுக்கு மேல பெட்டியில வச்சா பயத்துலயே செத்துடும்னு."

"அது வந்து..."

"ஈவ்னிங் நான் விட்டுருவேன். நீங்க வர வேணாம். பெள்ளிலோ உண்டண்டி. கல்யாணத்துல இருங்க."

எட்டு மாதம் கழித்து மகள் பேசுகிற முதல் பேச்சே, அவருடைய இத்தனை வருட ஆசைக்குக் கதவடைக்கிறது. போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"எறக்க விரிச்சுதா?" என்று கேட்டார்.

"இடது பக்கம் கொஞ்சம் தொங்குது."

"சாயந்திரம் பெட்டிய லேசாத் தொற. ரெண்டு எறக்கையும் ஒண்ணுபோல மடிச்சிருந்தா விடலாம். தொங்கிக்கிட்டே இருந்தா விடாத, வனத்துறைக்காரங்களக் கூப்பிடு. மேஜர் வீட்டுப் பக்கம் பெரிய மரமா நிக்கும், சருகு கெடக்கும். அங்க கொண்டு போ." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "பெட்டி மேல துணி போட்டியா?" என்றார்.

"போட்டேன் டாடி."

"ம்" என்று சொல்லிவிட்டு வைத்தார். எனக்கு ஒரு வார்த்தைகூட இல்லை.

6

சாயங்காலம் பெட்டியைத் திறந்து பார்த்தாள். சிறகு மடிந்திருந்தது. ஆட்டோ பிடித்துத் திருமுல்கேரிக்குக் கிளம்பினோம். பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"டப்பே மே க்யா ஹை, பேட்டா?" பெட்டியில் என்ன என்று கேட்டார்.

"பிட்டா" என்றாள்.

"பீட்சா? பீட்சாக்கு இத்தா தூர் கைக்கு? குகட்பள்ளி மேச் இத்தே துகானா ஹை" என்று, பக்கத்துக் கடைகளை விட்டுவிட்டு இத்தனை தூரம் போகிறோமே என எங்களுக்காகக் கவலைப்பட்டார். மேடு பள்ளம் வந்தபோது மட்டும் மெதுவாக ஓட்டினார். பீட்சா ஆடினால் கலைந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மேஜர் தொப்பி, பைனாகுலர், பச்சை அரைக்கைச் சட்டையோடு வாசலில் நின்றார். ராணுவ மரியாதைதான் பாக்கி. வீட்டுக்குப் பின்னால் பழைய மாமரங்களும் வேம்பும், கீழே கணுக்கால் அளவு சருகும். நித்யா பெட்டியைத் தரையில் வைத்து, மூடியை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். அப்பாவுக்கு அடித்துப் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள். படம் காட்டவில்லை. வெளிச்சம் போதாது, கிட்டேயும் போகக் கூடாது. சத்தம் மட்டும். மறுமுனையில் மாப்பிள்ளை அழைப்பு நாதஸ்வரம்.

குருவி ஒரு குதி குதித்து வெளியே வந்தது. நின்றது. அந்தக் கட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் ஆட்டியது. இன்னொரு குதி. சருகைப் புரட்டி எதையோ விழுங்கியது. கல்யாண வீட்டுக்குத் தாமதமாக வந்த ஆள் நேரே பந்திக்குப் போவதுபோல. பிறகு திடீரென்று எழும்பி மாமரத்தின் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தது. இலைக்கு நடுவே வயிற்றின் அடியில் சிவப்பு. நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இத்தனை வருடம் இந்தக் கூட்டத்தைக் கிண்டல் செய்தவள்.

அது கழுத்தை நீட்டிச் சீட்டியடித்தது. இரண்டு சுரம். மறுபடியும்.

போனில் அவர் யாரையோ அதட்டுவது கேட்டது. "ஏல, அந்த மேளத்த நிப்பாட்டச் சொல்லு." தாய்மாமன் சொன்னால் நிற்கும்போலிருக்கிறது. நின்றது. அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபமே வாயை மூடிக்கொண்டிருக்க, திருமுல்கேரியில் குருவி இன்னும் மூன்று நான்கு தடவை கூப்பிட்டது. பிறகு கிளை மட்டும் ஆடியது.

"போயிடுச்சு டாடி" என்றாள் நித்யா.

"கேட்டுது" என்றார்.

மேஜர் என் பக்கம் திரும்பி, சுதந்திரமாகக் கிளையில் உட்கார்ந்ததால் இது முறைப்படி கணக்கில் சேரும் என்று ஆங்கிலத்தில் அறிவித்து என் கையைக் குலுக்கினார். அவர் பார்த்ததும் சேரும், நித்யா பார்த்ததும் சேரும். சுடலைமுத்துவுக்கு மட்டும் சேராது. குரல் கேட்டதைத் தனியாக எழுதிக்கொள்ளலாம், தொலைபேசியில் கேட்டது அதற்கும் ஆகாது. சொல்லும்போது அவருக்கே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னார்.

7

கல்யாணம் முடித்து வந்தவர் பையைக்கூட இறக்காமல் பின்பக்கம் போய், துணி துவைக்கும் இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அங்கே என்ன இருக்கும், சோப்புத் தூள்தான். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். நித்யாவும் வந்து உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல் நடுவில்.

"உச்சந்தலைல கோடு கருப்பா?" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

"கருப்பு. ரெண்டு பக்கமும் பழுப்பு."

"புருவம்?"

"தெல்ல. வெள்ளை."

"சிவப்பு எங்க ஆரம்பிக்கி? நெஞ்சுலயா, வயித்துலயா?"

"வயித்துக்குக் கீழ. காலுக்கு நடுவுல."

"தோள்ல நீலம் பளிச்சுன்னு இருந்துதா?"

"பெட்டியில வச்சப்போ தெரியல. வெளிய வந்ததும் மெரிசிந்தி டாடி. மின்னுச்சு."

அலகு, கால், கண், குதித்தது, சருகைப் புரட்டியது என்று அவர் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் கையை வாலாக வைத்து ஆட்டிக் காட்டினாள். குழம்பு ஆறி ஏடு கட்டிவிட்டது. ஒரு கட்டத்தில் பறவையில் கேட்பதற்கு மிச்சம் ஒன்றும் இல்லாமல் போயிற்று. மூவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இனி என்னிடம் திரும்புவார், அவளிடம் இதைச் சொல், அதைக் கேள் என்பார் என்று காத்திருந்தேன்.

"இவ்வளவு கொஸ்டின் என்னப் பத்தி கேட்டதே இல்ல டாடி நீங்க" என்றாள் நித்யா. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் சோற்றைப் பிசைந்தார். மறுபடியும் பிசைந்தார்.

"அந்தக் காலேஜ்ல மத்தியானச் சாப்பாடு யாரு ஆக்குவா?" என்றார் கடைசியில்.

"நாங்கதான்."

"நல்லா இருக்குமா?"

"கேவலமா இருக்கும்" என்றாள், சுத்தத் தமிழில்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்துப் புரையேறியது. "ஞாயித்துக்கெழம ஒண்ணு செஞ்சு காட்டு, பாப்போம்" என்றார்.

செய்தாள். மக்ரோனி மேல் ஏதோ வெள்ளையாக ஊற்றியிருந்தது. காரம் கிடையாது, புளி கிடையாது. ஒரு வாய் போட்டுவிட்டு நெடுநேரம் மென்றார். எலுமிச்சை ஊறுகாயைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

"இந்த வெள்ளக் கொழம்புக்கு என்ன பேரு?"

"பெஷமெல்."

"பேசாமலா?"

"பேசாமல் காது டாடி, பேசாமல் இல்ல. பெஷமெல்."

அவர் சரியாகச் சொல்லும்வரை அவள் விடவில்லை.